மலைவீட்டு நாயோடும் பூனையோடும் குறிப்பறிந்து பேசுவது எப்படி

குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளைச் சுற்றி இருட்டிய பிறகு சிறுத்தை நடமாடுவதும், பட்டப்பகலில் காட்டெருமைகள் சாலையோரத்தில் நின்று மேய்வதும், கரடி தின்பண்டம் தேடி வீட்டுக் கதவைச் சுரண்டிப் பார்ப்பதும் இப்போது யாருக்கும் வியப்பளிக்கும் செய்திகள் அல்ல. இப்படிப்பட்ட ஊரில், கூப்பிட்டவுடன் திரும்பி வராத நாய் தன் உயிரையும், சில வேளைகளில் உடன் நடந்து வருபவரின் உயிரையும் ஆபத்தில் தள்ளிவிடும். ஆகவே ‘கை கொடு’, ‘உருண்டு காட்டு’ என்பன போன்ற வித்தைகளை விருந்தினர் வரும் நாளுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாத சிலவற்றை முதலில் கற்பதே நல்லது.

பெரும்பாலான வீடுகளில் மனிதர்கள் நாயிடம் ஓயாமல் பேசுகிறார்கள். நாய் என்ன சொல்கிறது என்று நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் விலங்கு காட்டும் குறிப்பைப் படியுங்கள். பிறகு வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி பயன்படுத்தும் நான்கைந்து சொற்களையும் ஒலிகளையும் மட்டும் கற்றுக்கொடுங்கள். இறுதியாக, பனிமூட்டத்தில் உங்கள் முகமும் கையும் மறைந்துவிட்ட நிலையிலும் அவை பயன்படுகின்றனவா என்று சோதித்துப் பாருங்கள்.

நாயின் உடலைப் படித்தல்

வால் ஆடினாலே நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வால் ஆடுவது நாயின் மனம் கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அந்தக் கிளர்ச்சி அன்பா, அச்சமா, சினமா என்பதை வாலின் உயரம், வேகம், விறைப்பு ஆகியவற்றோடு முதுகையும் காதையும் வாயையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இடுப்பே அசையும்படி தளர்வாக வாலைக் குழைத்துக்கொண்டு, வாய் சற்றுத் திறந்தபடி வரும் நாயை அணுகலாம். வால் செங்குத்தாக விறைத்து நுனி மட்டும் படபடவென்று ஆட, வாயை இறுக மூடிக்கொண்டு அசையாமல் நிற்கும் நாயை அணுகக் கூடாது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாய்கள் தங்கள் உரிமையாளரைக் கண்டபோது வாலைத் தம் வலப்பக்கமாகச் சற்று அதிகமாகவும், ஆதிக்கம் காட்டும் அறிமுகமில்லாத நாயைக் கண்டபோது இடப்பக்கமாக அதிகமாகவும் ஆட்டியதாகப் பதிவு செய்துள்ளனர். வெறுங்கண்ணால் இந்த வேறுபாட்டைப் பிடிப்பது கடினம். எனினும் வாலாட்டம் ஒரே பொருள் கொண்ட செய்தி இல்லை என்பதற்கு இது போதிய சான்று.

நாட்டு நாயின் வால் இயல்பிலேயே மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்; ராஜபாளையம் நாயின் வால் தாழ்ந்து தொங்கும்; லேப்ரடாருக்குக் காது மடிந்திருக்கும். எனவே பிறர் நாயைப் பற்றிய படங்களை வைத்து உங்கள் நாயை அளக்க வேண்டாம். ஒரு வாரம், அது உண்டு முடித்து வெயிலில் படுத்திருக்கும்போதும், யாரும் தொந்தரவு செய்யாமல் முற்றத்தில் திரியும்போதும், வாலும் காதும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கவனித்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் நாயின் அமைதி நிலை. அந்த நிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதுதான் நீங்கள் படிக்க வேண்டிய செய்தி.

அச்சமோ சங்கடமோ ஏற்படும்போது நாய் முதலில் மிக மெல்லிய குறிப்புகளையே காட்டுகிறது. தூக்கம் வராத வேளையில் கொட்டாவி விடும், உணவு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டுவதால் வெள்ளைவிழி பிறைபோல் தெரியும். கோடை விடுமுறைக்கு மலைக்கு வரும் உறவினர் வீட்டுக் குழந்தைகள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் படங்களில் நாயின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த நான்கு குறிப்புகளில் குறைந்தது இரண்டேனும் இருக்கும். குழந்தையைத் தடுத்துத் தள்ளி உட்கார வைக்க வேண்டிய நேரம் அது. கட்டிக்கொள்வது நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது அகப்பட்டுக்கொண்ட நிலை.

இந்த மெல்லிய குறிப்புகளை யாரும் பொருட்படுத்தவில்லை என்றால் நாய் உறுமுகிறது. உறுமியதற்காக நாயை அடிப்பதும் அதட்டுவதும் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பவை. அவற்றைவிடப் பெரிய தவறு நாய் வளர்ப்பில் இல்லை என்றே சொல்வேன். உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் தரும் எச்சரிக்கை. அதற்குத் தண்டனை கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட நாயின் அச்சம் குறைவதில்லை; எச்சரிக்கை மட்டும் நின்றுபோய், அடுத்த முறை முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நிலை வந்துவிடுகிறது. நாய் உறுமினால் அது எதைக் கண்டு உறுமியதோ அதை அகற்றுங்கள், அல்லது நாயை அங்கிருந்து அழைத்துச் செல்லுங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

இதற்கு நேர்மாறாக, நாம் இல்லாத பொருளைக் கற்பித்துக்கொள்ளும் குறிப்பு ஒன்றும் உண்டு. வெளியே போய்த் திரும்பும்போது வர்க்கிப் பொட்டலம் கிழிந்து கூடமெல்லாம் தூளாகக் கிடக்க, நாய் காதைத் தாழ்த்தி மூலையில் ஒடுங்கியிருந்தால், ‘செய்த தப்பு அதற்கே தெரிகிறது’ என்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்றவாளிப் பார்வை நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் கடிந்துகொண்டபோதே மிகுதியாக வெளிப்பட்டது. ஆகவே எப்போதோ நடந்ததற்கு இப்போது திட்டுவதால் நாய் கற்பது, நீங்கள் வீட்டுக்குள் நுழையும் நேரம் ஆபத்தானது என்பதை மட்டுமே. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: வர்க்கி போனால் வயிற்றுக் கோளாறோடு தப்பலாம். ஆனால் ஊட்டி வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் சாக்லேட், அதிலும் கறுப்பு சாக்லேட், நாய்களுக்கு நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் அப்படியே. பயிற்சியின்போது பரிசாகக்கூட இவற்றைத் தரக் கூடாது.

மலைக்கென்றே உள்ள குறிப்புகள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தாவிலும் உதகையின் தாழ்வான புல்வெளிகளிலும் உறைபனி விழும் நாட்களில் நாய் நடுங்கினால் அது குளிரா, பயமா என்று பிரித்தறிய வேண்டும். குளிரில் நடுங்கும் நாய் உடலைச் சுருட்டிக்கொண்டு வெதுவெதுப்பான இடத்தைத் தேடும். சாக்கைப் போர்த்தி அடுப்பருகில் விட்டால் சிறிது நேரத்தில் நடுக்கம் அடங்கும். பயத்தில் நடுங்கும் நாய் வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, விழி விரிய, மூச்சிரைக்க, கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். கூடலூர்ப் பக்கம் யானையை விரட்ட வெடிக்கும் பட்டாசும் தீபாவளி வெடியும் இந்த நடுக்கத்தை உண்டாக்குகின்றன. அப்போது நாயைத் தேற்றினால் அதன் பயம் வளர்ந்துவிடும் என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். அருகில் அமைதியாக உட்கார்ந்து, அது விரும்பினால் தடவிக் கொடுக்கலாம். வெளியே சங்கிலியில் கட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் புதர் வழியே நடந்து வந்த நாய் கால்விரல்களுக்கு இடையில் விடாமல் நக்கினால் முதலில் அட்டையைத் தேடுங்கள். ஓடையில் நீர் குடித்த நாய் அடிக்கடி தும்மி மூக்கைத் தரையில் உரசினால், அல்லது ஒரு நாசியில் மட்டும் இரத்தம் கசிந்தால், மூக்குக்குள் அட்டை புகுந்திருக்கவும் கூடும். அதைக் கால்நடை மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும்.

இரவில் நாய் வழக்கத்துக்கு மாறாகக் குரைத்தாலும், குரைத்துக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டு முனகினாலும், கதவைத் திறந்து ‘சூ’ காட்டி இருட்டுக்குள் ஏவி விடாதீர்கள். நாயை உள்ளே விட்டுக்கொண்டு, வெளிவிளக்கைப் போட்டு, சன்னல் வழியே பாருங்கள். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. வாசலில் சங்கிலியால் கட்டப்பட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை. நாய் உங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது. அதற்கு நீங்கள் தர வேண்டிய மறுமொழி நான்கு சுவருக்குள் ஓர் இடம்.

சொல் ஒன்று, பொருள் ஒன்று

நீலகிரியில் பாட்டி படுக மொழியிலும், பிள்ளைகள் ஆங்கிலத்திலும், தோட்ட வேலைக்கு வருபவர் தமிழிலும் அல்லது மலையாளத்திலும் ஒரே நாயை அதட்டும் வீடுகள் பல உண்டு. நாய்க்கு எந்த மொழியும் தடையில்லை. புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் 18 நாய்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தபோது, பழகிய மொழியையும் பழகாத மொழியையும் அவை வேறுபடுத்தி உணர்வது தெரிந்தது. அதே நகரில் 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலிலேயே சொன்னபோதுதான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி மிகுதியாகச் செயல்பட்டது என்று காட்டியது; வெற்றுச் சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னாலோ, பாராட்டுச் சொல்லை உணர்ச்சியின்றிச் சொன்னாலோ அவ்விளைவு இல்லை. ஆகவே சொல்லும் வேண்டும், குரலும் வேண்டும், இரண்டும் ஒத்துப்போகவும் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ‘நல்ல பையன்’ என்று சொல்வதில் பயனில்லை.

வீட்டார் அனைவரும் ஒருநாள் உட்கார்ந்து, எந்தச் செயலுக்கு எந்தச் சொல் என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒருவர் ‘உட்கார்’ என்றும், மற்றவர் ‘உக்காரு’ என்றும், மூன்றாமவர் ‘சிட்’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் நாய் யார் சொல்லையும் கேட்காது. அதைப் பிடிவாதம் என்று பழிப்பது அநியாயம். ‘வா’ என்ற சொல்லைப் பற்றித் தனியாக யோசியுங்கள். தமிழ் பேசும் வீட்டில் அந்த ஓசை நாள் முழுவதும், பிள்ளைகளிடமும் விருந்தினரிடமும் தொலைபேசியிலும் ஒலித்துக்கொண்டே இருப்பதால், நாய் அதைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்கிறது. நாயைக் கூப்பிட ‘தோ தோ’ என்பதையோ, வீட்டில் வேறு எதற்கும் பயன்படாத ஒரு சொல்லையோ வைத்துக்கொள்வது மேல். பெயரும் அப்படித்தான். தோடர்கள் தங்கள் எருமைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து அழைப்பது நெடுங்கால வழக்கம். வீட்டு நாய்க்கு வைத்த பெயரை நாமோ திட்டுவதற்கே அதிகம் செலவிடுகிறோம். பெயரைச் சொன்னால் நாய் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கண்டிக்க வேண்டியிருந்தால் பெயர் சொல்லாமல் கண்டியுங்கள்.

நாய் உண்மையில் சொல்லைக் கற்றிருக்கிறதா, உங்கள் உடலைக் கற்றிருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. நாய்க்கு முதுகைக் காட்டி நின்று, கையையும் தலையையும் அசைக்காமல், வழக்கமான குரலில் ‘உட்கார்’ என்று சொல்லி, பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணாடியிலோ கைப்பேசிப் படக்கருவியிலோ பாருங்கள். பல நாய்கள் திகைத்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நீங்கள் அறியாமலே குனிந்ததையும் விரலை உயர்த்தியதையும்தான் அவை படித்து வந்திருக்கின்றன. ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை என்று புகழ்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் நுட்பமான தலையசைவைப் பார்த்தே குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்பதை ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் 1907இல் வெளிக்கொணர்ந்தார். விலங்குகள் நம்மைப் படிப்பதில் அவ்வளவு தேர்ந்தவை. சமவெளியில் இதனால் கேடில்லை. இங்கே பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. தேயிலைச் செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும்போது அடியில் ஓடும் நாய்க்கு உங்கள் கை எப்போதுமே தெரியாது. எனவே கைச்சைகையோடு தொடங்கினாலும், சொல்லை முதலில் சொல்லி, ஒரு நொடி கழித்துச் சைகை காட்டி, நாளடைவில் சைகையைக் குறைத்துக்கொண்டே போய், ஒலி மட்டுமே போதும் என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பார்வையைப் பற்றிய சிறு குறிப்பு: நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் அது பிரித்தறிவது கடினம். புல்தரையில் சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு, நாய் தேடித் தடுமாறுவதைக் கண்டு நொந்துகொள்ள வேண்டாம். நீலப் பந்து வாங்குங்கள்.

திரும்ப அழைக்கும் விசில்

எல்லாவற்றிலும் மேலாகக் கற்பிக்க வேண்டியது இதுதான். குரல் பயத்தில் மாறும், சளி பிடித்தால் கம்மும், ஆளுக்கு ஆள் வேறுபடும்; விசிலின் ஒலி மாறாது. கடையில் கிடைக்கும் சாதாரண விசில் ஒன்றை வாங்கி, ஒரு நீளமான ஊதலும் இரண்டு குட்டையான ஊதலும் என்பதுபோல் ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். முதல் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே, நாய் உங்கள் அருகில் இருக்கும்போதே, ஊதியவுடன் அவித்த ஈரல் துண்டோ முட்டைத் துண்டோ கொடுங்கள். ஒலிக்கும் பரிசுக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் போகக் கூடாது. தாமதித்தால் இடையில் அது செய்த வேறு எதற்கோ பரிசு கிடைத்ததாக நாய் எடுத்துக்கொள்ளும்.

விசில் கேட்டவுடன் நாய் துள்ளித் திரும்பும் நிலை வந்த பிறகு, அடுத்த அறையிலிருந்து ஊதுங்கள், பின்னர் முற்றத்தில், பின்னர் ஹார்னஸ் எனப்படும் மார்புப்பட்டையில் பத்து மீட்டர் கயிற்றைக் கட்டி, ஆள் நடமாட்டம் குறைந்த தோட்டப் பாதையில். கயிறு நாயை இழுத்து வருவதற்கானது அன்று. தப்பி ஓடாமல் இருப்பதற்கான காப்பு மட்டுமே. குரங்குக் கூட்டமோ வேறு நாயோ எதிர்ப்படும் இடத்தில் ஊதிப் பார்ப்பது கடைசிக் கட்டம். எந்தக் கட்டத்திலாவது நாய் வரவில்லை என்றால் மீண்டும் மீண்டும் ஊதாமல், முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். ஊதியும் வராமல் இருக்கலாம் என்று நாய் ஒருமுறை கண்டுகொண்டால் அதை மறக்கடிக்க வெகுநாளாகும். விசில் கேட்டு வந்த நாயைக் குளிப்பாட்டவோ, மருந்து புகட்டவோ, திட்டவோ, விளையாட்டை முடித்துக் கூட்டில் அடைக்கவோ கூடாது. அதற்கெல்லாம் நீங்களே நடந்து சென்று பிடியுங்கள். பல முறை வெறுமனே வரவழைத்து, பரிசு கொடுத்து, மறுபடியும் ஓட விடுங்கள். பனிமூட்டத்தில் ஊதும்போது நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நீங்களும் தேடி நடக்கத் தொடங்கினால் ஒலி வந்த இடம் மாறிப்போய் நாய் அலையும்.

இவ்வளவு பழகிய நாயானாலும், காட்டெருமை நடமாடும் பாதையில் கழுத்துப்பட்டையிலிருந்து சங்கிலியை அவிழ்க்காதீர்கள். நாய் குரைத்து விரட்டினால் காட்டெருமை திரும்பித் துரத்தக்கூடும். துரத்தப்பட்ட நாய் அடைக்கலம் தேடி ஓடி வரும் இடம் உங்கள் கால்தான். நடக்கும்போது நாய் சட்டென்று நின்று, காதை முன்னே நீட்டி, ஒரு புதரையே உற்று நோக்கினால், உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அதை இழுத்துக்கொண்டு முன்னேறாதீர்கள். அதன் மூக்கும் காதும் சொல்வதை ஏற்று, ஓசைப்படாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அப்படித் திரும்பிய பின் நாயைத் தட்டிக்கொடுங்கள். எச்சரித்தால் நீங்கள் கேட்பீர்கள் என்று அது தெரிந்துகொள்ளட்டும்.

பூனைக்குச் சில வரிகள்

வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து ‘மியாவ்’ என்று கத்துவது அரிது. அந்த ஓசை பெரும்பாலும் மனிதருக்கானது. ஒவ்வொரு பூனையும் தன் வீட்டாரிடம் எது பலிக்கிறது என்று பார்த்துத் தனக்கென்று சில ஓசைகளை அமைத்துக்கொள்கிறது. ஆகவே பால் கேட்கும் ஓசையையும் கதவைத் திறக்கச் சொல்லும் ஓசையையும் உங்கள் பூனையிடமே கற்க வேண்டும். வாலைக் கொடிபோல் உயர்த்திக்கொண்டு வந்தால் அது வணக்கம். நாயைப் போலன்றி, பூனை வாலை அங்குமிங்கும் வீசினால் எரிச்சலில் இருக்கிறது என்று பொருள். மடியில் இருக்கும்போது வால் வீசத் தொடங்கினால் தடவுவதை நிறுத்திவிடுங்கள். புரண்டு வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளமே ஒழிய வயிற்றைத் தடவ அழைப்பு இல்லை. பூனையோடு பேச விரும்பினால், சற்றுத் தள்ளி அமர்ந்து, அதைப் பார்த்துக் கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டியபடி, இதற்குப் பூனைகள் தாமும் கண்ணை மெல்லச் சிமிட்டிப் பதில் தருகின்றன. அறிமுகமில்லாதவர் இப்படிச் செய்தபோதும் அருகில் வர அதிகம் விரும்பின.

உடல்நலக் குறைவைப் படித்தல்

பூனை வலியை மறைப்பதில் வல்லது. வலியிலும்கூட அது குறுகுறுக்கும் என்பதால் அந்த ஓசையை நம்பி இருந்துவிட முடியாது. காதுகள் பக்கவாட்டில் தாழ்வது, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் இறுகுவது, மீசைமயிர் விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலும் அதைப் பின்பற்றலாம். அடுப்பங்கரையில் வழக்கமாகத் தாவி ஏறும் திண்ணையில் ஏறாமல் நின்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாயின் குரல் திடீரென்று கரகரத்து மாறினாலும், எச்சில் ஒழுகினாலும், விழுங்க முடியாமல் திணறினாலும், பழகியவரையே கடிக்க வந்தாலும், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விடாதீர்கள், வெறிநோயாக இருக்கக்கூடும். தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளிப்பதற்காகவே 1907இல் குன்னூரில் பாஸ்டியர் நிறுவனம் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்குப் பிறகும் அந்த நோய்க்கு, அறிகுறிகள் தோன்றிய பின், மருந்தில்லை என்பதே நிலை. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மருத்துவமனைக்குப் போனதும் பல நாய்கள் பரபரப்பில் நொண்டுவதைக்கூட நிறுத்திவிடும். பூனையோ கூடைக்குள் உறைந்து கிடக்கும். எனவே வீட்டில் அது நொண்டும்போதும், இருமும்போதும், தட்டின் முன் நின்று உண்ணாமல் திரும்பும்போதும் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து மாற்றம், கடைசியாக எப்போது உண்டது, மலமும் சிறுநீரும் எப்படி இருக்கின்றன, புதிதாக எங்கே சென்று வந்தது என்ற நான்கையும் எழுதி எடுத்துச் சென்று, காணொளியோடு மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள்.